ஒயில் முள்ளும் இவருடைய காதும்

"முள்ளு எங்க நிக்குது, புவனா?"

"நடுவுலதாங்க."

"இப்ப?"

"அங்கனயேதான் நிக்குது."

பசறையிலிருந்து பதுளைக்கு வருகிற பாதை. பனி இறங்கத் தொடங்கிய ஒரு பின்நேரம். எங்கள் பழைய லொறியின் கெபினில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். பின்னால் கோவா, அதாவது முட்டைக்கோஸ், மூட்டைகள். இவருடைய கண் பாதையில் இருந்தது. என் கண் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன வட்டத்தில் இருந்தது. அதற்குள் ஒரு முள். அதைப் பார்ப்பதுதான் அன்றைக்கு எனக்கு வேலை.

ஒரு வளைவில் பனி சட்டென்று கெட்டியானது. எதிரே வருவது பஸ்ஸா பாறையா என்று தெரியவில்லை. இவர் லைட்டைப் போட்டார், வைப்பரையும் தட்டினார்.

"ஐயோ, விழுந்திருச்சுங்க!"

முள் அடிமட்டத்தில் கிடந்தது. உடனே துள்ளி எழுந்தது, நடுங்கியது, மறுபடி விழுந்தது. இவர் லொறியை மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினார். நான் இறங்கி டயருக்குக் கல் வைத்தேன். சுற்றிலும் வெள்ளை. கீழே எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். ஈரத் தேயிலை வாசமும் சூடான எஞ்சின் வாசமும் கலந்து வந்தன.

இவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், இவருடைய அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று.

இந்தத் தொடரில் இதுவரை நான் வேலை பார்க்கிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பற்றித்தான் எழுதி வந்தேன். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள், அவர்களுடைய அழுகை, தூக்கம், வம்பு. "உங்கள் வீட்டுக்காரர் எங்கே, அவர் ஒரு வாரம்கூட வரவில்லையே" என்று பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இவரிடம் சொன்னேன். "எழுது, எனக்கென்ன" என்றார். "ஆனா லொறியப் பத்திக் கெட்டதா எழுதிராத" என்றும் சொன்னார். ஆகவே இந்த வாரம் இவரும் லொறியும்.

எஞ்சினுக்கும் பிரஷர் உண்டு

எனக்கு லொறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவர் பல வருடம் தோட்டத்து லொறியில் கொழுந்து ஏற்றி, பிறகு சொந்தமாக இதை வாங்கினார். அன்று மாலை போட்டு, தேங்காய் உடைத்து, லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு கோயில் வரைக்கும் போய் வந்தோம். என் லொறி அறிவு அதோடு சரி.

அந்த முள் என்னவென்று இவர்தான் சொல்லித் தந்தார். எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒயில், அந்த எஞ்சின் எண்ணெய், ஓடினால்தான் பிழைக்கும். அந்த ஒயிலை உள்ளே ஒரு பம்ப் தள்ளுகிறது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று காட்டுவதுதான் இந்த முள்.

"ஆஸ்பத்திரியில கையில துணியச் சுத்திப் பிரஷர் பாக்கிறாங்கல்ல, அது மாதிரி" என்றார். "இது விழுந்தா எஞ்சின் இறுகிப் போகும். இறக்கத்துல அப்பிடி ஆனா பிரேக்கும் சரியாப் புடிக்காது."

முள் ஆடத் தொடங்கி ஒரு மாதம் போல் ஆகியிருந்தது. முதலில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். ஒயில் சரியாக இருந்தது. மனம் கேட்காமல் ஒயிலையே மாற்றினார். முள் இரண்டு நாள் ஒழுங்காக நின்றது, பிறகு பழைய குணம். எஞ்சினின் பக்கவாட்டில் ஒயில் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறதாம், முள்ளுக்குச் செய்தி அனுப்புகிறது அதுதான். அதையும் புதிதாக வாங்கிப் பூட்டினார். அதற்கும் முள் மசியவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே பயம். எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது என்ற பயம். அப்படியானால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். அதெல்லாம் எங்கள் கைக்கு எட்டுகிற காரியம் இல்லை. டீசலுக்கு வரிசையில் நின்று நின்று ஓய்ந்து, அப்போதுதான் ஓட்டம் கொஞ்சம் சீராகியிருந்தது.

"எஞ்சின் போயிருச்சுன்னா, வந்த விலைக்கு வித்துட்டு நான் கொழும்புக்குப் போயிர்றேன். யாருகிட்டயாவது டிரைவரா நிக்கிறேன்" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. சோற்றுக் கோப்பையைப் பார்த்துத்தான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

கூடப் போய்க்கொண்டிருந்த கிளீனருக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. வளைவில் இவர் பாதையைப் பார்ப்பாரா, முள்ளைப் பார்ப்பாரா? அந்த வாரம் பிள்ளைக் காம்பராவுக்குக் கூரைத் தகரம் மாற்றுகிறார்கள் என்று மூடியிருந்தார்கள். "நான் வரவா?" என்று கேட்டேன். இவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "வா" என்றார்.

வீட்டில் இருக்கிற மனுஷன்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இவர் ஓயாமல் பேசுகிற ஆள். தெமோதரை ஸ்டேஷனில் ரயில் தாமதமானதிலிருந்து, வெலிமடைப் பக்கம் எந்தக் கடையில் ரொட்டி மொறுமொறுப்பாக இருக்கிறது என்பது வரைக்கும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். எங்களுக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகிப் போனதற்குப் பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கேட்டால் ஒரு "ம்". சில நேரம் அதுவும் இல்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு "என்னங்க" என்று நான் பின்னால் நிற்பேன். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

வயதானால் ஆம்பிளைகள் அப்படித்தான் என்று அக்கா சொன்னாள். இருக்கலாம் என்று நானும் விட்டேன். ஆனால் ஒரு நாள் நடந்ததை அப்படி விட முடியவில்லை.

போன வருடம், மழைக்காலம். குளிக்கும்போது என் கக்கத்துக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்பை ஊதிக்கொண்டே, நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"எனக்குக் கக்கத்துல கட்டி மாதிரி ஒண்ணு இருக்குங்க. பயமா இருக்கு."

இவர் எனக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்திருந்தார். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். இவர் எழுந்தார். "லொறிக்குத் தார்ப்பாய் போடல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவ்வளவுதான்.

நான் தனியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை பிள்ளைக் காம்பராவில் ஒவ்வொரு பிள்ளையையும் கொஞ்சம் கூடுதல் நேரம் மடியில் வைத்திருந்தேன். வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

கெபினுக்குள் வேறு ஆள்

இப்போது லொறிக்கு வருகிறேன்.

முதல் நாள் கிளம்பி, எஞ்சின் உறுமி, கெபின் முழுக்கச் சத்தமும் நடுக்கமுமாக இருந்தபோது, எதிரே ஒரு வேன் கண்ணாடியில் இடிக்கிற மாதிரி உரசிக்கொண்டு போனது. "கண்ணு தெரியாதவன் போல" என்று நான் எனக்குள் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே வர வேண்டும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியிருப்பேன்.

"அவன் எப்பவும் அப்பிடித்தான். மாப்பிள்ளை மாதிரி நடு ரோட்டுலதான் வருவான்" என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

சரி, ஏதோ நல்ல மனநிலை போல என்று நினைத்தேன். மகள் போனில் சொன்னதைச் சொன்னேன். ஒன்றுக்கு இரண்டாகப் பதில் வந்தது. லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரியின் கோழிச் சண்டையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சிரித்தார். நமுனுகுலை மலையில் மேகம் தொப்பி போட்டிருக்கிறது, நாளைக்கு மழை என்றார். நான் கேட்காத கதையெல்லாம் சொன்னார்.

வீட்டுக்கு வந்தோம். லொறியை நிறுத்தினார். "கறிக்குப் பருப்பு வைக்கவா, கிழங்கு வைக்கவா?" என்று கேட்டேன். கால் கழுவிக்கொண்டிருந்தவர் பதில் சொல்லவில்லை.

மறுநாளும் அப்படியே. கெபினுக்குள் பழைய ஆள். வாசலில் கால் வைத்தால் ஊமை. இவருக்கு லொறிதான் வீடு, வீடு வெறும் படுக்கிற இடம் என்று நினைத்தேன். இரும்புக்கு முன்னால் இருக்கிற சிரிப்பு எனக்கு முன்னால் ஏன் இல்லை? வாயில்லாத ஒரு லொறி மேல் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது அழுகைதான் வந்தது.

அப்படி ஒரு நாளில்தான் அந்தப் பனியில் நாங்கள் நின்றது. பனி கொஞ்சம் விலகியதும் மெல்ல ஊர்ந்து பதுளைக்கு வந்து, கோவாவை இறக்கினோம். இரவு அங்கேயே இவருடைய சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டு, காலையில் நேரே கராஜுக்குப் போனோம்.

ரிஸ்வான் பாஸின் கராஜ்

மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்போம். ரிஸ்வான் பாஸுக்கு இவர் வயதுதான் இருக்கும். கராஜ் என்றால் நான்கு தூணும் ஒரு தகரமும். தரை முழுக்கக் கறுப்பு. மூலையில் ஒரு ரேடியோ, அன்றைக்கு அதற்கு உயிர் இல்லை. எனக்கு ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க தங்கச்சி" என்றார்.

கெபினில் சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தார். உள்ளே எஞ்சின். அளவுக் கம்பியை இழுத்துத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, விரலில் ஒயிலைத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மணந்தார்.

"ஒயில் நல்லாத்தான் இருக்கு. எந்த நேரம் விழுது?"

"வளைவுல. இறக்கத்துல" என்றார் இவர்.

மூன்று நாளாக அந்த முள்ளைத் தவிர வேறெதையும் பார்க்காதவள் நான். "வளைவுல இல்லங்க பாஸ்" என்றேன். "லைட்டு போட்டாத்தான் விழுது. வைப்பர் ஓடினா இன்னும் ஆடுது. பக்கத்துல இருக்கிற மத்த முள்ளும் கூடச் சேந்து ஆடுது."

"மத்த முள்ளுன்னா? எஞ்சின் சூடு காட்டுறதா?"

"அதேதான்."

அவர் துணியால் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "ரெண்டும் ஒண்ணா ஆடுதா? அப்ப எனக்கு எஞ்சின் மேல சந்தேகம் கொறயுது." ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார். "இருந்தாலும் பாத்துருவோம். எஞ்சின் சத்தம் எப்பிடி இருக்கு? தட்டுற மாதிரி ஏதும்?"

"ஒண்ணும் இல்ல பாஸ்" என்றார் இவர். "முந்தியவிட அமைதியா ஓடுது."

ரிஸ்வான் பாஸ் இவரை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை. அந்த லொறி எங்கள் லயத்து முடக்கு வளைவில் ஏறும்போதே பிள்ளைக் காம்பராவில் தூங்குகிற பிள்ளை எழும்பும்.

அவர் குனிந்து எஞ்சினுக்குப் பின்பக்கம் போனார். இவர் வெளியே பாதையைப் பார்த்தபடி நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் பாஸ் உள்ளேயிருந்து.

இவர் நின்றார்.

"யோகராஜா, ஸ்டார்ட் பண்ணுங்க."

ரேடியோ பாடவில்லை. பாதையில் வாகனம் இல்லை. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. அந்த அமைதியில் ஒரு மனுஷன் பத்தடி தூரத்திலிருந்து தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். இவர் அசையாமல் நிற்கிறார்.

இதே முதுகை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! கையில் தேத்தண்ணியோடு, அடுப்படியில், வாசலில். அது என்னை வேண்டாம் என்று சொல்கிற முதுகு என்றுதான் நினைத்திருந்தேன். நான் பெட்டியை விட்டு எழுந்துவிட்டேன்.

பாஸ் எழுந்து வந்தார். இவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு மெதுவாக இவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே, "ஸ்டார்ட் போடுங்க" என்றார்.

காதுக்குப் பின்னால்

எஞ்சின் ஓடியது. பாஸ் ஒரு முழ நீள ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். நுனியை எஞ்சின் இரும்பில் ஊன்றி, பிடியைத் தன் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு இடம், இன்னொரு இடம் என்று மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்.

"உள்ள பெயரிங் தேஞ்சிருந்தா டொக்கு டொக்குன்னு எலும்புல வந்து இடிக்கும். ஒண்ணும் இல்ல." ஸ்க்ரூட்ரைவரை இவரிடம் நீட்டினார். "நீங்களும் கேட்டுப் பாருங்க."

இவர் தயங்கினார். வாங்கினார். பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்தார்.

அந்த முகத்தை எப்படி எழுதுவது? தூங்கி எழுந்த பிள்ளை தாயைப் பார்க்கிற முகம் என்று எழுதலாம். அதுவும் பத்தாது.

சட்டென்று எடுத்துவிட்டார். பாஸைப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"இது... இது நம்ம எஞ்சினா?" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "இப்பிடியா கத்துது?"

"இப்பிடித்தான் எப்பவும் கத்துது" என்றார் பாஸ். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷன் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

பிறகு பாஸ் ஒயில் சுவிட்சைக் கழற்றினார். அந்த ஓட்டையில் குழாய் வைத்த தனி மீட்டர் ஒன்றைப் பூட்டினார். இதற்கு வயர் இல்லை, கரண்ட் இல்லை, ஒயில் நேரே வந்து முள்ளைத் தள்ளும் என்று எனக்கும் சேர்த்து விளக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, வைப்பரைப் போட்டு, கூட்டிக் குறைத்துப் பார்த்தார். அந்த மீட்டரின் முள் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. அதே நேரம் உள்ளே சூட்டு முள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்ல. பிரஷர் நல்லா இருக்கு" என்றார். "வீட்டுக்காரம்மா சொன்னதுதான். இது கரண்ட் கோளாறு."

எஞ்சினிலிருந்து லொறியின் சட்டத்துக்கு ஒரு பட்டை வயர் போகிறது. ஏர்த் வயர் என்றார்கள். குனிந்து அதைத் தேடிக் காட்டினார். போல்ட் இருக்கிற முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. லைட்டும் வைப்பரும் ஓடும்போது கரண்ட் திரும்பி வர வழி பத்தாமல் முள்ளெல்லாம் பேயாடியிருக்கிறது. புது வயர் பூட்டி, இடத்தை மினுங்க உரசி, இறுக்கினார்.

லைட்டைப் போட்டோம். முள் நடுவில் நின்றது. இவர் டாஷ்போர்டை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

ரோட்டோரத்தில்

திரும்பி வருகிற வழி. வெயில் வந்திருந்தது. பசறைப் பக்கமாகப் பாதை ஏறியது.

"ஒனக்கு எப்ப தெரியும்?" என்றார் இவர்.

"இன்னைக்குத்தான்."

"நான் யாருக்கும் சொல்லல. சொன்னா லைசன்ஸ்ல கை வைப்பாங்கன்னு பயம். செவிட்டு யோகன்னு கூப்பிடுவானுங்க, அது வேற." ஒரு வளைவைத் திருப்பி முடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நான் சத்தத்த வச்சு எஞ்சின் பழகினவன் புவனா. அந்தச் சத்தம் போயிருச்சு. முள்ளு ஒண்ணுதான் தொணைக்கு இருந்துச்சு. அதுவும் ஆடத் தொடங்கினா நான் எதை நம்பி ஓட்டுறது?"

"இப்ப நான் பேசுறது கேக்குதே?"

"அதான் எனக்கும் வெளங்கல. வண்டிக்குள்ள கேக்குது. வீட்டுல உன் வாய் மட்டும்தான் அசையுது. திருப்பித் திருப்பிக் கேட்டா நீ சலிச்சுக்குவியோன்னு பேசாம இருந்துட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டே, எஞ்சினுக்கு மேலே குரலை உயர்த்தி, மழைக்காலத்தில் அடுப்படியில் சொன்னதைச் சொன்னேன். கட்டி இருந்தது என்றேன். உங்களிடம் சொன்னேன் என்றேன். நீங்கள் தார்ப்பாய் போடப் போனீர்கள் என்றேன்.

லொறி தன்னால் மெதுவானது. ஒரு மரத்தடியில் ஒதுக்கி, பழக்கத்தில் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டார். கெபினில் திடீரென்று அமைதி. நான் பேசிக்கொண்டே இருந்தேன். இவர் என் உதட்டையே பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இரு, இரு" என்றார். அவசரமாக மறுபடி சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. கெபின் நடுங்கியது. என் பக்கமாக முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"இப்பச் சொல்லு. மொதல்லருந்து சொல்லு."

சொன்னேன். தனியாகப் போனதை, ஊசியை, காத்திருந்த நாட்களை, பஸ் ஸ்டாண்டில் தின்ற வாழைப்பழத்தைக்கூடச் சொன்னேன். டீசல் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. இவர் அசையவில்லை. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் கடைசியில்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. அது அப்பவே முடிஞ்சு போச்சு."

"ஒனக்கில்ல" என்றார். "எனக்கு."

அதற்குப் பிறகு

நாளைக்கே போக முடியவில்லை. காது கிளினிக்குக்கு நாள் வாங்க வேண்டியிருந்தது. அது வரும்வரை நாங்கள் ஒரு வேலை செய்தோம். சாயங்காலம் இவர் வந்ததும் உடனே லொறியை அணைக்க மாட்டார். நான் தேத்தண்ணியோடு போய்க் கெபினில் ஏறிக்கொள்வேன். குடித்து முடிக்கிற வரைக்கும் எஞ்சின் ஓடும், நாங்கள் பேசுவோம். டீசல் விற்கிற விலையில் இந்த இரண்டுக்கும் என்ன கேடு என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

கிளினிக்கில் ஒரு டொக்டரம்மா இருந்தார். கவை மாதிரி ஒரு இரும்பைத் தட்டி முதலில் காதுக்கு முன்னால் பிடித்தார். இவர் இல்லை என்று தலையாட்டினார். அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். இவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ரிஸ்வான் பாஸ் ஞாபகம் வந்து இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். உள் காது நன்றாக இருக்கிறது. நடுவில் இருக்கிற ஒரு சின்ன எலும்பு இறுகிப் போயிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு இரைச்சலுக்குள்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் இரைச்சலில் எல்லாரும் குரலை உயர்த்துவார்கள். பிறகு சத்திர சிகிச்சை செய்து பார்க்கலாம், இப்போதைக்குக் காதில் மாட்டுகிற மிஷின் போதும். மிஷினோடு லொறி ஓட்டலாமா என்று நான்தான் கேட்டேன். பரிசோதித்து எழுதித் தருகிறேன், தாராளமாக ஓட்டலாம் என்றார். இவர் அந்த அறையிலேயே அவரைக் கும்பிட்டார்.

மிஷின் கிடைத்த அன்று பஸ்ஸில்தான் வந்தோம். வழி முழுக்க இவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பினார். கண்டக்டர் சில்லறையைக் குலுக்கினால் திரும்பினார், பின்சீட்டில் பிள்ளை தும்மினால் திரும்பினார். வீட்டுக் கதவைத் திறந்தேன். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நம்ம கதவா இப்பிடிக் கத்துது?"

சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒயில் குப்பியை எடுத்துவந்து கீலுக்கு விட்டு, திறந்து மூடி, காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி விட்டார். பிறகு பின்கதவு. பிறகு ஜன்னல். பிறகு நான் உட்காருகிற பலகை. அதற்கு ஒயில் போட்டால் என் சேலை பாழாகும் என்று முணுமுணுத்தேன். "நீ மெதுவாத்தானே சொன்ன?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்தார்.

மறுநாள் காலையில் பக்கத்துக் காம்பராக்காரி வந்தாள். வாசலுக்கு வெளியே நின்று, கேட்பதா வேண்டாமா என்ற கூச்சத்தோடு, எனக்கே சரியாக விளங்காத குரலில், "அண்ணே, எங்க கதவுக்கும் கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

நான் திரும்பி இவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், இவர் குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.